நூறு கெஜமும் ஒரு வாசற்படியும்



இந்த வாரம் உங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போகும்போது ஒரு நிமிடம் நின்று, அங்கே தொங்க வேண்டிய ஒரு பலகையைத் தேடிப் பாருங்கள். 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்ற அளவுக்குக் குறையாமல், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில், நம் மொழியில் எழுதப்பட்டதாய் அது இருக்கவேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதே அதன் வாசகம். சில கடைகளில் அது கண்ணுக்கு நேரே தொங்கும். சில கடைகளில் ஷாம்பு சரங்களும் அப்பளப் பொட்டலங்களும் அதை மறைத்திருக்கும். சில கடைகளில் அது இருப்பதே இல்லை.

உலகத்தில் முதன்முதலாக ஓர் அரசு பிள்ளைகளை முன்னிட்டுப் புகையிலைக்கு வயதுவரம்பு வகுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அந்தப் பலகை நம் தெருவுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த நூற்றாண்டின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தூர தேசங்களின் வழியாக அது சுற்றி வந்தாலும், கடைசியில் நம் திருப்பருத்திக்குன்றத்துத் தறி வீடுகளின் வாசலில்தான் வந்து நிற்கிறது. ஆகையால் சற்றுப் பொறுமையாய்ப் படியுங்கள்.

கதையைத் தறியிலிருந்தே தொடங்குவோம். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் பிரியாதபடி மூன்று நாடாக்களால் பின்னிச் சேர்க்கப்படுகின்றன. குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கு இரண்டே கைகள். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எறிய இன்னொருவர் அருகே அமரவேண்டும். அந்த இன்னொருவர் பல தலைமுறைகளாக ஒரு சிறுவனாகவே இருந்தான். மகன், பேரன், அல்லது முன்பணத்துக்காக வேறொரு வீட்டிலிருந்து வந்து அமர்ந்த பையன். பாவு விரித்துத் தறியில் இறங்கிய பெரியவர் நினைத்தபோதெல்லாம் எழுந்து கடைக்குப் போக முடியாது. வெற்றிலையோ, பாக்கோ, மூக்குப்பொடியோ, பீடியோ, எது வேண்டுமானாலும் போய் வாங்கி வருகிறவன் அந்தப் பையன்தான். நம்மில் ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் எத்தனை பேர் அப்படி ஓடிய கால்களுக்குச் சொந்தக்காரர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மீதிச் சில்லறைக்கு ஒரு மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம் என்பது அந்த ஓட்டத்துக்குக் கிடைத்த கூலி. அதில் தவறு இருப்பதாக அன்று எவருக்கும் தோன்றியதில்லை.

இந்த இலை நம்மோடு பிறந்ததும் அன்று. நம் ஊரின் திரைலோக்கியநாதர் சமணக் கோயிலில், விஜயநகரத்து அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1387-ஆம் ஆண்டையொட்டிக் கட்டுவித்த சங்கீத மண்டபத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விதானத்து ஓவியங்களைக் காண அயலூரார் வந்துபோகும் மண்டபம் அது. அதன் தூண்கள் நாட்டப்பட்ட நாளில் புகையிலை என்ற செடியை இந்த நாட்டில் ஒருவரும் கண்டதில்லை. அமெரிக்கக் கண்டத்தில் அது வளர்ந்துகொண்டிருந்தது. போர்ச்சுக்கீசியர் அதைக் கடல் வழியே இங்கே கொண்டுவந்தார்கள். வந்த வேகத்தில் அது பரவியது. வெற்றிலைத் தட்டு நமக்கு அதற்கும் பல நூற்றாண்டுகள் மூத்தது. புகையிலை பின்னால் வந்து அந்தத் தட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆதிமுதல் அங்கேயே இருந்ததுபோல் பேர் வாங்கிவிட்டது. சீனிச் சர்க்கரைப் புலவர் புகையிலையையே பழனி முருகனிடம் தூது அனுப்பி ஒரு நூல் பாடினார், அதை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். வேதாரண்யமும் திண்டுக்கல்லும் யாழ்ப்பாணமும் இந்த இலையால் பெயர் பெற்றன.

அரசர்கள் இதை எதிர்க்காமல் இல்லை. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1604-இல் புகையிலைக்கு எதிராகத் தாமே ஒரு நூல் எழுதினார். நம் வேதாகமத்தின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு இவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617-இல் தடை ஆணையே பிறப்பித்தார். இரண்டினாலும் பெரிய பயன் விளையவில்லை. நம் பொருளுக்கு வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு: அந்த அரசர்கள் எவரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேசவில்லை. எல்லாரையும் ஒரே அடியாகத் தடுக்கப் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

பிள்ளையைத் தனியாகப் பிரித்துப் பார்த்த சட்டங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று ஜப்பானில் 1900-இல் பிறந்தது. அதைக் கொண்டுவந்தவர் நெமொட்டோ ஷோ என்னும் பாராளுமன்ற உறுப்பினர். அமெரிக்காவில் கல்வி கற்றுத் திரும்பிய கிறிஸ்தவர் அவர். மதுவிலக்குக்காகவும் நெடுங்காலம் உழைத்து, வயது வராதோருக்கு மதுவைத் தடுக்கும் சட்டத்தையும் 1922-இல் நிறைவேற்றக் கண்டவர். 1900-இல் வகுக்கப்பட்ட வயது 20. ஜப்பானில் சட்டப்படி வயது வந்தவராகும் எல்லை 2022-இல் 18-ஆகக் குறைக்கப்பட்டபோதுங்கூடப் புகையிலைக்கு அந்த 20 அசையாமல் நிற்கிறது.

அந்தச் சட்டம் மூன்று பேரைப் பார்த்துப் பேசியது. புகைக்கும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை. அவன் கையிலுள்ள புகையிலையும் குழாயும் பறிமுதல் செய்யப்படும். வயது வராதவர் தம் உபயோகத்துக்கே வாங்குகிறார் என்று தெரிந்தும் விற்ற கடைக்காரருக்கு அபராதம். மூன்றாவது, பிள்ளை புகைப்பதை அறிந்தும் தடுக்காத தகப்பனுக்கும் பாதுகாவலருக்கும் அபராதம். கடைக்காரருக்கு விதித்த தொகையைவிட அது சிறியதுதான். ஆயினும் தகப்பன் சட்டத்தின் வாசகத்துக்குள் நிறுத்தப்பட்டார். இந்த மூன்றாவது ஆளை மறந்துவிடாதீர்கள். பிறகு வந்த சட்டங்களில் இவரைக் காண்பது அரிது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து தன் பிள்ளைகளுக்கான சட்டத்தை 1908-இல் இயற்றியது. அங்கே வயது 16. அதற்குக் குறைந்தவராகத் தோன்றும் ஒருவருக்குச் சிகரெட் விற்பது குற்றமாயிற்று. பொது இடத்தில் புகைக்கும் சிறுவனிடமிருந்து அதைப் பிடுங்கக் காவலருக்கு அதிகாரம் கிடைத்தது. போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்கள் பலர் உடல் தகுதியற்றவர்களாய் இருந்ததைக் கண்டு அந்நாடு அஞ்சியிருந்தது. உண்மையைச் சொன்னால், அரசுகளுக்குப் பிள்ளைகள்மேல் அந்நாளில் உண்டான கரிசனத்தில் பாதி, படைகளைப் பற்றிய கவலை. அதனால் கரிசனம் பொய்யாகிவிடாது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஆங்கிலச் சட்டத்தில் நம் தறி வீட்டுப் பையனைப்பற்றி ஒரு வரி இருக்கிறது. அவன் பெயர் அங்கே இல்லை. அவன் நிலைமை இருக்கிறது. சிகரெட்டைத் தனக்காக வாங்கினாலும் பிறருக்காக வாங்கினாலும் சிறுவனுக்கு விற்கலாகாது என்று அது தெளிவாய்ச் சொன்னது. ஆனால் சிகரெட் அல்லாத புகையிலையின் காரியத்தில் தளர்ந்துவிட்டது: வாங்குகிற பிள்ளையே அதை உபயோகிக்கப் போகிறான் என்று கடைக்காரர் அறியாமலும், அப்படி நினைக்கக் காரணம் இல்லாமலும் இருந்தால் குற்றமில்லை என்று விட்டது. ஏன்? அந்நாட்டுத் தகப்பனார்கள் புகைக்குழாய் பிடித்தார்கள். குழாய்க்கு வேண்டிய தூளைக் கடையிலிருந்து வாங்கி வந்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். அந்த ஓட்டத்தை நிறுத்தச் சட்டத்துக்கு மனம் வரவில்லை. வீட்டு வாசல்வரை வந்து, கதவைத் தட்டாமல் திரும்பிப் போயிற்று.

இந்தச் சட்டத்தின் அடியொற்றி நம் நாட்டிலும் பஞ்சாபில் 1918-இலும் வங்காளத்தில் 1919-இலும் சிறுவர் புகைத்தலைத் தடுக்கும் மாகாணச் சட்டங்கள் வந்தன. அங்கும் வயது 16. பிறகு நாடு விடுதலை பெற்று, நாடு முழுவதற்குமான சிகரெட் சட்டம் 1975-இல் வந்தது. சிகரெட் பெட்டியின்மேல் எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்ற கட்டளை 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் விற்பனைக்கு வயதுவரம்பு இல்லை. பீடிக்கு எச்சரிக்கை இல்லை. மூக்குப்பொடிக்கும் மெல்லும் புகையிலைக்கும் இல்லை. சிகரெட்டை ஒவ்வொன்றாய்ச் சில்லறையில் வாங்குகிற ஏழை பெட்டியைக் காண்பதே இல்லையாதலால், அச்சிட்ட எச்சரிக்கையும் அவன் கண்ணில் படவில்லை.

எச்சரிக்கை கண்ணில் படாத இடத்திலெல்லாம் விளம்பரம் கண்ணில் பட்டது. 1996-இல் நம் நாட்டிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. சேப்பாக்கத்திலும் ஒரு காலிறுதி ஆட்டம் நடந்தது. நம் வீரர்களின் சட்டை மார்பில் ஒரு சிகரெட்டின் பெயர் பல ஆண்டுகள் எழுதப்பட்டிருந்தது. சதம் அடித்துவிட்டு வானத்தைப் பார்த்து மட்டையை உயர்த்தும் வீரனின் படத்தைத் தலைமாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கிய பிள்ளை, அந்தப் பெயரையும் பார்த்துக்கொண்டே தூங்கினான். அதே 1996-இல், கோவாவின் பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்திய ஓர் ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சிகரெட் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ஆட்டங்களைப் பார்த்த பிள்ளைகளில் சிலர், புகைப்பதற்கும் நன்றாய் ஆடுவதற்கும் தொடர்பு உண்டு என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். கேபிள் தொலைக்காட்சியில் புகையிலை விளம்பரம் 2000-இல் தடுக்கப்பட்டது. மறு ஆண்டே, சட்டம் வரப்போகிறது என்று தெரிந்தபின், அந்த நிறுவனம் கிரிக்கெட்டைவிட்டு விலகிக்கொண்டது.

திரைப்படத்தைப் பற்றி நீளமாய் எழுத எனக்கு விருப்பமில்லை, உங்களுக்கே தெரியும். சிகரெட்டை மேலே எறிந்து வாயில் பிடிக்கும் ஒரு பாணியைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் சுண்ணாம்புக் குச்சியை வைத்துப் பழகிப் பார்த்தார்கள். 2002-இல் 'பாபா' படம் வந்தபோது பாட்டாளி மக்கள் கட்சி அதை எதிர்த்துக் கிளம்பிற்று. அரசியல் கலந்த எதிர்ப்புத்தான். ஆனால் அக்கட்சியின் அன்புமணி ராமதாஸ் 2004-இல் மத்திய சுகாதார அமைச்சரானபோது, திரையில் புகைக்கும் காட்சியையே தடுக்கும் விதி 2005-இல் அறிவிக்கப்பட்டது. 2009 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. கடைசியில் 2012 அக்டோபர் முதல், காட்சியின் அடியில் எச்சரிக்கை வரியும் படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் அறிவிப்பும் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. பிள்ளைகள் அந்த அறிவிப்பு ஓடும்போது சோளப்பொரி வாங்கப் போகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

இனி, அந்தப் பலகைக்கு வருவோம். பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது. சிகரெட்டையும் மற்றப் புகையிலைப் பொருள்களையும் குறித்த மத்தியச் சட்டம் 2003-இல் நிறைவேறியது. இம்முறை பீடியும் மூக்குப்பொடியும் மெல்லுகிற புகையிலையும் அதற்குள் வந்தன. 2004 மே முதல் தேதியிலிருந்து 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது குற்றம். அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதியிலிருந்து, கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றம். நூறு கெஜம் என்பது 91 மீட்டருக்குச் சற்று அதிகம். அதை வாசற்கதவிலிருந்து தெருவழியே அளக்கலாகாது. சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து எல்லாத் திசைகளிலும் வட்டமாய் அளக்கவேண்டும். பள்ளியின் பின்சுவரை ஒட்டிய சந்தில் இருக்கும் கடையும் அந்த வட்டத்துக்குள் அடங்கும். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் கல்லூரிகளையும் மனதில் கொண்டு எழுதிய சட்டம் அது; நம் ஞாயிறு பள்ளிக்கோ மாலைநேரத் தனிப்பாட வகுப்புக்கோ இந்த வட்டம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவற்றின் வாசலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயதைக் குறித்துச் சந்தேகம் வந்தால் சான்று கேட்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. வாங்குகிறவர் வயது வந்தவர் என்று உறுதிப்படுத்திக்கொள்வது அவருடைய பொறுப்பு. 2011-இல் சேர்க்கப்பட்ட விதிகள் இன்னும் நெருங்கி வந்தன. 18 வயது நிரம்பாதவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி அவற்றை அடுக்கி வைக்கக்கூடாது. தானியங்கி இயந்திரத்தில் விற்கக்கூடாது. தகப்பன் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அரைமணி நேரம் கடையில் உட்காரும் எட்டாம் வகுப்பு மகன், ஒரு பீடிக்கட்டை எடுத்துக் கொடுத்தால், அந்தக் கடை சட்டத்தை மீறியதாகிறது. இது எத்தனை கடைக்காரருக்குத் தெரியும்?

இவ்வளவு எழுதிய சட்டம் விதித்த தண்டனையையும் சொல்லவேண்டும். பிள்ளைக்கு விற்றால் அபராதம் 200 ரூபாய் வரை. அவ்வளவுதான். பேருந்து நிலையத்தில் ஒருவர் நின்று புகைத்தாலும் உச்சவரம்பு அதே 200. ஒரு பிள்ளைக்கு விற்ற தீமையும், திறந்தவெளியில் விட்ட புகையும் ஒரே தராசில் ஒரே எடை காட்டுகின்றன. இது எனக்கு இன்றுவரை உறுத்தலாகவே இருக்கிறது.

விளம்பரத்துக்கான தண்டனை கடுமையானது: முதல் முறை இரண்டு ஆண்டு சிறையோ 1000 ரூபாய் அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். ஆனால் அங்கே வேறொரு வழி திறந்திருந்தது. விற்பனைக் கடையின் வாசலிலும் உள்ளும் மட்டும் விளம்பரம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. பெரிய நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. சாலையெங்கும் சிறு பெட்டிக்கடைகளுக்கு இலவசமாகப் பளபளக்கும் பலகைகள் வந்தன. ஏழைக் கடைக்காரருக்கு அது வெளிச்சமும் அலங்காரமும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு அது வழித்துணை. அந்தப் பலகையின் அளவைக் குறுக்கி, விளக்கு வைப்பதையும் சிகரெட்டின் பெயரையும் படத்தையும் தடுக்கும் விதிகள் 2005-இல் எழுதப்பட்டன. 2006-இல் மும்பை உயர் நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்தது. 2013 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அந்த இடைக்காலத் தடையை நீக்கியது. 2006-இல் 11 வயதாயிருந்த பிள்ளைக்கு 2013-இல் வயது 18. அவனைக் காப்பதற்காக எழுதிய விதி, அவனுக்கு அது தேவையில்லாமற்போகும் வயதுவரை நீதிமன்றத்து அலமாரியில் காத்திருந்தது.

மெல்லும் வகைகளின் கதை தனி. நம் மாநிலத்தில் குட்காவும் பான் மசாலாவும் 2013 மே மாதத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடை செய்யப்பட்டன. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அந்தத் தடையை 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்க, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. மின் சிகரெட்டைத் தமிழ்நாடு 2018-இலும் நாடு முழுவதும் 2019-இலும் தடுத்தன. வயதை உயர்த்திய இடங்களும் உண்டு. இலங்கை 2006-லேயே 21 என்று வகுத்தது. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் சட்டமன்றமும் 2024-இல் 21 என்று திருத்தம் நிறைவேற்றியது.

அன்பானவர்களே, இந்த ஊரில் புகையிலையைப் பற்றி எழுதும்போது ஒருவரைக் கடந்து போக முடியாது. அறிஞர் அண்ணா 1909-இல் இந்தக் காஞ்சிபுரத்தின் நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் மூக்குப்பொடிப் பழக்கமும் அவருக்கு இருந்ததை அவரோடு பழகியவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு, 1968-இல் நியூயார்க் சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பி, 1969 பிப்ரவரி 3-இல் தம் 59-ஆம் வயதில் மறைந்தார். முதலமைச்சராகி இரண்டு ஆண்டுகளும் நிறையவில்லை. இன்று காரப்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கி நிற்பது அரசுப் புற்றுநோய் மருத்துவமனை. நான் நோயாளிகளைக் காண அங்கே போகும்போதெல்லாம், வாயின் ஒரு பக்கத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வராந்தாவில் காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டால் ஆண்டைச் சொல்லமாட்டார்கள். "சின்னப் பையனா இருந்தப்பவே, எங்க அப்பாவுக்கு வாங்கியாரப் போவேன்" என்பார்கள்.

2019-இல் நம் நாட்டுப் பள்ளிகளில் நடந்த உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பு, 13 முதல் 15 வயது மாணவரில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலையை உபயோகிப்பதாகக் கண்டது. பீடியைத் தொட்ட பிள்ளைகளில் 47 விழுக்காட்டினரும், மெல்லும் வகையைத் தொட்டவர்களில் 52 விழுக்காட்டினரும் பத்தாம் பிறந்தநாளுக்கு முன்பே அதைத் தொடங்கியிருந்தார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் சொந்தப் பணம் ஏது? தனியாய்க் கடை வீதிக்குப் போக அவனுக்கு என்ன காரியம்? அவனுக்கு அது அறிமுகமாகும் இடம் பெரும்பாலும் வீடுதான் என்று நான் எண்ணுகிறேன்.

வீட்டைச் சட்டம் எப்படி நடத்தியது என்பதற்குத் தறியே சாட்சி. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், பிள்ளைகளை அமர்த்தக்கூடாத தொழில்களின் பட்டியலில் பீடி சுற்றுவதையும் துணி நெய்வதையும் சேர்த்தே வைத்தது. ஆனால் குடும்பத்தாரின் உதவியோடு வீட்டில் நடக்கும் தொழிலுக்கு விலக்கும் அளித்தது. வேலூர் பக்கத்திலும் நெல்லைச் சீமையிலும் முறத்தை மடியில் வைத்து அம்மாவோடு பீடி சுற்றிய சிறுமியும், இங்கே அப்பாவோடு கோர்வை நாடா எறிந்த சிறுவனும் அந்த விலக்குக்குள் விழுந்தார்கள். இங்கிலாந்தில் 1908-இல் வாசலில் நின்ற சட்டம், இங்கே 1986-இலும் வாசலிலேயே நின்றது.

கதவைத் தாண்டி ஓரடி வைத்தது ஒரே ஒரு சட்டம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, மருத்துவரின் கட்டளையின்றி ஒரு குழந்தைக்கு மதுவையோ போதைப்பொருளையோ புகையிலையையோ கொடுப்பவருக்கும், கொடுக்கச் செய்பவருக்கும், ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அங்கே 200 ரூபாய். இங்கே ஏழு ஆண்டு. அதைக் கடைக்காரர் என்றும் அந்நியர் என்றும் அது சுருக்கவில்லை. 'கொடுக்கச் செய்பவர்' என்ற சொல்லுக்குள், கையில் சில்லறையைக் கொடுத்து ஓடி வாங்கி வரச் சொல்லும் தாத்தா அடங்குவாரா என்பதை வழக்கறிஞர்கள் விவாதிக்கட்டும். சொல் என்னவோ அங்கே இருக்கிறது. சிறியரில் ஒருவனுக்கு உண்டாக்கும் இடறலைப் பற்றி நம் ஆண்டவர் பேசிய இடத்தில், கழுத்தில் கட்டும் எந்திரக்கல்லையும் சமுத்திரத்தின் ஆழத்தையும் சொன்னார். இடறல் உண்டாக்குகிறவன் அந்நியனா வீட்டானா என்று அவரும் பிரிக்கவில்லை.

நம் சபையைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாய் எழுதினவனாக மாட்டேன். துக்க வீடுகளில், பந்தலின் கீழ் அமர்ந்திருப்போர் நடுவே ஒரு தட்டு சுற்றி வரும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைத் துண்டு, சில வீடுகளில் ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும். அந்தத் தட்டை ஏந்தி வருகிறவன் யார்? வேலையில்லாமல் நிற்கும் வீட்டுப் பையன். 'அந்தப் பக்கம் கொடு, இந்தப் பக்கம் கொடு' என்று அவனை அனுப்புகிறவர்களில் நம் சபை மூப்பர்களும் உண்டு. அடக்க ஆராதனைக்கு முன் அங்கே நாற்காலியில் அமர்ந்திருக்கும் நானும் பலமுறை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு முறைகூட அந்தத் தட்டை அவன் கையிலிருந்து நான் வாங்கவில்லை.

இந்த ஊரில் ஒரு கடைக்காரரை எனக்குத் தெரியும். பலகையைக் கண்ணுக்கு நேரே மாட்டி வைத்திருப்பவர். சென்ற ஆண்டு ஒரு நாள், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் வந்து மூக்குப்பொடி கேட்டான். "யாருக்குடா?" என்றார். "தாத்தாவுக்கு" என்றான். அவனுக்குப் பொடி இல்லை என்று சொல்லி, காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பெரியவரே தறியைவிட்டு எழுந்து வந்து தெருவில் நின்று சத்தம் போட்டார். நாற்பது வருஷமாய் வாங்குகிற கடை, என் பேரன் என்ன திருடனா, எனக்குத்தானே கேட்டான் என்றெல்லாம் கேட்டார். கடைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. பொடி டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "உங்களுக்கு எப்ப வேணும்னாலும் தர்றேன் ஐயா. அவன் கையில தரமாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பெரியவர் ஒரு மாதம் வேறு கடைக்குப் போனார். பிறகு இங்கேயே வரத் தொடங்கினார். இப்போது நாள்தோறும் காலை பத்து மணியளவில் அவரே நடந்து வருகிறார். அவர் திரும்பிப் போகும்வரை தறி நிற்கிறது.